மேசாவும் மிசாவும்

அம்மாவுக்கு, வாரா எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? எனக்கு லிமாவின் மூடுபனி பழகிவிட்டது.

இங்கே ஒரு வேடிக்கை. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளைக் கண்டுபிடித்து உதவ எட்டு வருடம் ஆராய்ந்து நான் தயாரித்த வாசிப்புத் தாளில் 'மேசா' என்ற ஸ்பானியச் சொல் வருகிறது, மேசை என்று பொருள். வீட்டில் நம் அய்மாரா மொழி பேசும் பிள்ளைகள் பதினேழு பேர் அதை 'மிசா' என்று வாசித்தார்கள், அவர்களுக்கு வாசிப்புக் குறைபாடு என்று எழுதிவிட்டார்கள். 'மிசா' என்றால் கோயில் பூசை, மேசை பூசையாகிவிட்டது. நம் வீட்டிலும் அப்படித்தானே சொல்வோம். இது குறைபாடே இல்லை என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன்.

"தாள் உங்களோடதுதானே மேடம்? அதுக்குக் கீழே இருக்கிற கையெழுத்தும் உங்களோடதுதான்" என்றார்.

அந்தப் பதினேழு பேரும் இப்போது வகுப்பில் இல்லை. வேறு பள்ளியாம். எந்தப் பள்ளி என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

காய்ந்த உருளைக்கிழங்கு கொஞ்சம் அனுப்பு. அடுத்த மாதம் பிள்ளைகளைச் சோதிக்க அதிகாரிகள் என் தாளோடு நம் ஊருக்கும் வருகிறார்களாம். தங்கை மகள் நைராவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடு. யார் கேட்டாலும் அவள் வாசிக்கக் கூடாது. பஸ் வந்துவிட்டது.

வாரா