இலவசமாக வந்த லினக்ஸ்

2006 ஜூலை, செவ்வாய்.

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட லினக்ஸ் கணினியில் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் இன்றும் ஏறவில்லை. அது இன்னொரு கோப்பு வேண்டும் என்றது. அந்தக் கோப்பு வேறொன்றைக் கேட்டது. ஹட்டனுக்குப் பஸ்ஸில் போய் எல்லாவற்றையும் சீடியில் கொண்டுவந்தேன். இப்போது நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டுமாம். கணினியைக் கொண்டுவந்து வைத்த யாழ்ப்பாணத்து அதிகாரிக்குப் போன் செய்தேன்.

"அது உங்களுக்குத் தரேலாது டீச்சர். இலவசமாத் தந்தது. இருக்கிறதை வச்சுப் பாவியுங்கோ."

"சரிங்க சார்" என்று வைத்துவிட்டேன்.

நாளைய சோதனைத் தாளைக் கையால் எழுதி முடித்தும் ஆத்திரம் அடங்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியது இப்போதுதான் வாயில் வருகிறது: நாங்க பொறந்த லயத்து வீடும் தோட்டம் இலவசமா குடுத்ததுதாங்க சார். செவுத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் தோட்டத்துத் தொரையத்தான் கேக்கணும்.