சத்திரத்துப் பியூலா

பெருங்களத்தூர்
2.6.2025

அன்புள்ள பியூலா,

ஃபோனில் பேசினால் நான் குறுக்கே பேசுவேன், எழுதினால் படிப்பதாக அத்தையிடம் சொன்னாயாம். எழுதுகிறேன். நான் சுகம் என்று சொல்ல வேண்டும். ஓட்டல் சாப்பாட்டில் எவ்வளவு சுகமோ அவ்வளவு.

நீ அஸ்தினாபுரத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய் ஆறு வாரம். இந்த வீட்டு ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. நீ வருவதாக இருந்தால் புதுப்பிக்கிறேன். வராவிட்டால் எனக்கு எதற்கு இரண்டு படுக்கையறை?

எங்கள் ஆபீஸில் செய்த நம் மொபைல் கேம் வெளியாகிவிட்டது. 'நம்' என்று சும்மா எழுதவில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் சோதனை ஃபோனை உன் கையில்தானே கொடுப்பேன்? அதில் வரும் குயவன் ஏழாவது லெவலில் சிக்கிக்கொள்கிறான் என்று கண்டுபிடித்தது நீ. பதினைந்துக்கு மேல் பெருங்களத்தூர் சிக்னல் மாதிரி நகரவே மாட்டேன் என்கிறது என்றாய், புள்ளிக்கணக்கை மாற்றினேன். அதற்காகத்தான் என்னை டீம் லீட் ஆக்கினார்கள்.

உனக்கு ஒரு பரிசு வைத்திருக்கிறேன். ஊர் நடுவில் சத்திரம். அங்கே சமைப்பவளுக்கு உன் பெயர். இறக்கிப் பார்.

உன்
ஜாய்சன்

*

அஸ்தினாபுரம்
8.6.2025

ஜாய்சனுக்கு,

கடிதம் கிடைத்தது. கேமை இறக்கினேன். பஸ்ஸில் போகவர ஆடுகிறேன்.

கொல்லன் ஒவ்வொரு சம்மட்டி அடிக்கும் புள்ளி வாங்குகிறான். குயவனும் ஏறுகிறான். மீன் பிடிக்கிறவர் உட்கார்ந்த இடத்திலேயே முப்பதாவது லெவலுக்கு வந்துவிட்டார். எல்லோரும் சத்திரத்தில் சாப்பிட்டால்தான் வேலைக்குப் போக முடிகிறது, இல்லாவிட்டால் தெம்பு இறங்கிப் படுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு நூறு தடவைக்கு மேல் சோறு போட்ட பியூலா லெவல் ஒன்று. அவள் தலைக்கு மேல் புள்ளி நிரம்பும் பட்டையே இல்லை. மறந்துவிட்டீர்களா, தேவையில்லை என்று விட்டீர்களா?

குரோம்பேட்டையில் பழைய லேபிலேயே சேர்ந்துவிட்டேன். முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்கள், ரத்தம் எடுக்கும் மேசையிலிருந்து. நான் ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த ஏஞ்சல் இப்போது ஷிஃப்ட் இன்சார்ஜ். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நாலு வருஷம் கேப் இருக்கு இல்ல?" என்றாள். அவள் மேல் தப்பில்லை. கல்யாணமான புதிதில், "நீ வேலைக்குப் போய்த்தான் ஆகணுமா?" என்று கேட்டது அவள் இல்லையே.

வீட்டைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி, மற்றபடி நலம்.

பியூலா

*

பெருங்களத்தூர்
14.6.2025

அன்புள்ள பியூலா,

நீ சொன்னது சரி. சமையல்காரிக்கும் லெவல் வைக்க வேண்டும் என்று எங்கள் மேனேஜர் ரவி சாரிடம் கேட்டேன். எல்லோர் முன்னாலும் சிரித்தார். "சமையக்காரிய லெவல் ஏத்தி இன்னா பண்ணப் போற? அவள வெச்சா ஆடப்போறானுங்க?" நான் விடவில்லை. இரண்டு நாள் சண்டை போட்டு வாங்கினேன். வரும் வியாழக்கிழமை முதல் ஒவ்வொரு தட்டுச் சோற்றுக்கும் அவளுக்குப் புள்ளி உண்டு. பத்து லெவல் வரை போகலாம். பத்தாவதில் ஒரு பரிசு, நானே யோசித்தது.

வேலையை விடச் சொன்னேன் என்கிறாய். நான் கேட்டேன், நீ சரி என்றாய். இனி என்ன செய்தால் வருவாய் என்று நேராக எழுது. பால்கனிச் செடிகள் காய்ந்துவிட்டன.

உன்
ஜாய்சன்

*

அஸ்தினாபுரம்
23.6.2025

ஜாய்சனுக்கு,

எனக்காகச் சண்டை போட்டதற்கு நன்றி.

நேற்று பத்தாவது லெவல் வந்தது. மணி அடித்து, பூ கொட்டி, பரிசு திறந்தது. பெரிய சமையலறை, இன்னும் இரண்டு அடுப்பு. அதற்குப் பிறகு கூட்டமும் இரண்டு மடங்கு.

கொல்லன் பத்தாவது லெவலில் பக்கத்து ஊருக்குப் போகிறான். பியூலாவையும் நடத்திப் பார்த்தேன். வாசல்படி வரை வருகிறாள், திரும்பி அடுப்புக்கே போய்விடுகிறாள். எத்தனையோ தடவை முயன்றேன்.

கோபத்தில் எழுதவில்லை. நீங்கள் கெட்டவர் இல்லை. எனக்கு என்ன கொடுக்கலாம் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறீர்கள். யோசித்ததில் அடுப்புதான் வந்தது.

நான் வரவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம்.

அந்தப் பொம்மையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். கேம் முடிவில் சோதித்தவர்கள் என்று ஏழு பேர் பட்டியல் ஓடுகிறதே, அதில் சேருங்கள். அங்கேதான் நான் வேலை பார்த்தேன். என் டிப்ளமோ சான்றிதழின் அசலை லேபில் கேட்கிறார்கள். அதையும் தேடி அனுப்புங்கள்.

பியூலா

*

பெருங்களத்தூர்
30.6.2025

பியூலா,

இன்று வீட்டைக் காலி செய்கிறேன். ஊரப்பாக்கத்தில் ஓர் அறை கிடைத்திருக்கிறது.

பெயரை எடுத்துவிட்டேன். இப்போது 'சமையல்காரி' என்று மட்டும் இருக்கிறது. அவள் ஏன் திரும்பிவிடுகிறாள் என்றும் பார்த்தேன். வாசலுக்கு வெளியே அவளுக்குப் புரோகிராமில் வழியே எழுதவில்லை. நான்தான் எழுதவில்லை.

பட்டியல் விஷயம் ரவி சாரிடம் சொல்ல வேண்டும். இது அப்ரைசல் நேரம், இப்போது கேட்டால் நன்றாக இருக்காது. அடுத்த மாதம் கட்டாயம் கேட்கிறேன்.

சான்றிதழ் பீரோவில் இல்லை. பரணில், மிக்ஸி அட்டைப்பெட்டிக்குள், வாரன்டி அட்டையோடு கிடந்தது. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன் பாத்திரங்களைக் கட்டி வாட்ச்மேன் சுகுமார் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். வசதிப்படும்போது எடுத்துக்கொள்.

ஜாய்சன்

*

அஸ்தினாபுரம்
18.8.2025

ஜாய்சனுக்கு,

சான்றிதழ் அப்போதே கிடைத்தது. லேபில் கொடுத்துவிட்டேன். இந்த வாரத்திலிருந்து மைக்ராஸ்கோப் மேசை.

ஒன்றரை மாதம் பொறுத்தேன். நேற்று கேமை அழிப்பதற்கு முன் பட்டியலைக் கடைசி வரை ஓடவிட்டுப் பார்த்தேன். அதே ஏழு பேர்.

பாத்திரங்களைச் சுகுமார் அண்ணனே வைத்துக்கொள்ளட்டும். நானே அவரிடம் சொல்லிவிட்டேன்.

பியூலா