காக்காவுக்கு வைக்காத அல்வா

வாயில் கசப்பு இருக்கும்போதே சிரிக்கத் தெரிந்த என் அக்காவுக்கு,

உனக்கு முதல் வருஷப் படையல் போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. முடிந்தது என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். அன்றைக்கு நான் பட்ட பாட்டை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் அத்தான் மட்டும்தான் இருக்கிறார். கயல் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போய்விட்டாள். நீ போனதிலிருந்து உன் மகளும் உன் வீட்டுக்காரரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. நடுவில் நான்தான் தபால்காரி. தினமும் காலையில் அவள் என்னைக் கூப்பிட்டு, "அப்பா மாத்திரை சாப்பிட்டாங்களான்னு கேளுங்க சித்தி" என்பாள். நான் அத்தானைக் கூப்பிடுவேன். "சாப்பிட்டேன்னு சொல்லிரு" என்பார்.

எதற்குச் சண்டை என்று உனக்குத் தெரியும். நீதான் காரணம். நீயும் உன் கோகோ நொய்யும்.

ஊரெல்லாம் நிப்ஸ் என்று சொல்வதை நீ மட்டும் நொய் என்பாய். கோகோ கொட்டையை வறுத்து, தோல் நீக்கி உடைத்தால் நொய்தானே என்று வாதாடுவாய். ஒரு கண்காட்சியில் பொள்ளாச்சிக்காரர் ஒருவரிடம் முதல் பாக்கெட்டை வாங்கி வந்து, காப்பிப் பொடி மாதிரி அரைத்து ஃபில்டரில் போட்டாயே. கொழுப்பு இளகி ஓட்டையெல்லாம் அடைத்துக்கொண்டு ஒரு சொட்டு டிகாக்‌ஷன் இறங்கவில்லை. நீ ஃபில்டரைத் தட்டிய தட்டில் மேல் வீட்டு சர்தார்ஜி என்ன ரிப்பேர் என்று விசாரித்தார். அந்தப் புத்தி நம் ஊர்க்காரியைத் தவிர யாருக்கு வரும்?

அதோடு விட்டாயா? எள்ளுப் பொடிக்கு எள்ளோடு அதையும் வறுத்தாய். கேழ்வரகு பிஸ்கட், வாழைப்பழக் கேக், காலையில் தயிர் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. புளிக்குழம்புக்கு மல்லியும் மிளகாய் வத்தலும் அரைக்கும்போது ஒரு கரண்டி சேர்த்தாய். சுண்டவத்தல் போடாமலே அந்தக் கசப்பு வந்துவிட்டது. கோதுமை அல்வாவை இறக்கியதும் மேலே தூவுவாய். நாங்கள் நறுக்கு நறுக்கென்று கடித்துச் சாப்பிடுவோம். அத்தான் மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டு ஓரத்தில் வைப்பார்.

உனக்குச் சிறுநீரகம் கெட்டபோது டாக்டர் கோகோவை நிறுத்தச் சொன்னார். அத்தான் நொய் இருந்த பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டினார். கடைசி வாரத்தில் நீ அந்தக் குழம்பைக் கேட்டாய். "டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காருல்லா" என்று அவர் கஞ்சியைக் கொடுத்தார். இனிமேல் என்ன பத்தியம், ஒரு வாய் கொடுங்கள் என்று கயல் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அவர் கொடுக்கவில்லை. நீ போனாய். உன்னோடு அவர்கள் பேச்சும் போனது. அவர் செய்தது தப்பா அக்கா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

படையலுக்கு முந்தின நாள் கயல் வந்து இறங்கினாள். பையை வைத்ததும் என்னிடம்தான் சொன்னாள்.

"இதான் லாஸ்ட் சித்தி. படையல் முடிஞ்சதும் ஈவ்னிங் ஃப்ளைட். இனிமே இந்த வீட்டுக்கு வரமாட்டேன். அப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க."

நான் சொல்லவில்லை. எந்தத் தபாலைக் கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்கக் கூடாது என்று தபால்காரிக்கும் தெரியாதா?

மறுநாள் அவளே சமைத்தாள். உன் குழம்பு, உன் அல்வா. பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த உன் நாத்தனார் அல்வாவை எட்டிப் பார்த்து, "என்னட்டி இது, எலிப்புழுக்கை மாதிரி?" என்றார். "அம்மாவுக்குப் பிடிச்சது அத்தை" என்றாள் கயல். அந்த மட்டில் வாய் அடங்கியது. வினை காக்காச் சோற்றில் வந்தது.

பால்கனியில் புறாவுக்காக வலை கட்டியிருப்பதால் கீழே பூங்காச் சுவரில் இலையை வைக்கப் போனோம். கயல் சோறும் பருப்பும் வடையும் மட்டும் எடுத்திருந்தாள்.

"படைச்ச எல்லாத்துலயும் ஒரு வாய் எடுக்கணும்லா. குழம்பு எங்க, அல்வா எங்க?" என்று உன் நாத்தனார் மறித்தார்.

"அது காக்காவுக்கு ஆகாது அத்தை. நாய்க்கும் ஆகாது. கோகோ அதுங்களுக்கு விஷம். அம்மாவே சொல்வாங்க."

"காக்காவுக்கு விஷம்னா, செத்தவளுக்கு மட்டும் அமிர்தமோ?"

கயல் இலையைச் சுவரில் வைத்துவிட்டு நகர்ந்தாள். நாங்கள் காத்திருந்தோம். காகம் எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. புறாக்கள் வந்தன, விரட்டினேன். பருந்து ஒன்று மேலே சுற்றியது. வேப்பமரத்தில் ஒரே ஒரு காகம் இருந்தது, தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்ததே தவிர இறங்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. கயல் செல்போனில் மணி பார்த்தபடி இருந்தாள்.

உன் நாத்தனார் பெருமூச்சு விட்டார். "அவ ஆசைப்பட்டது இலையில இல்ல. அதான் வரமாட்டேங்கா."

கடைசி வாரத்தில் நீ குழம்பு கேட்டது தெரியாமல் அவர் சொன்னதுதான். ஆனால் கயல் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அந்த அம்மாள் வாயைத் தைத்துவிடலாம் போல் ஆத்திரம் வந்தது. அதற்குள் அவர் மேலே போய், குழம்புச் சோறும் அல்வாவும் வைத்த இன்னொரு இலையோடு இறங்கி வந்தார். பின்னாலேயே வாலை ஆட்டிக்கொண்டு பூங்கா நாய். நீ கடை பிஸ்கட் போடுவாயே, அதே நாய்.

"வைக்காதீங்க அத்தை."

"தள்ளுட்டி. உங்கம்மா பசியோட நிக்கா."

மரத்திலிருந்த காகம் சுவருக்கு இறங்கியது. நாய் முன்காலைத் தூக்கியது. கயல் குறுக்கே நின்றாள், இரண்டு பேர் கையும் அந்த இலையில் இருந்தது.

அதுவரை தூரத்தில் நின்றிருந்த அத்தான் வந்தார். உன் நாத்தனார் கையிலிருந்த இலையை வாங்கினார். "இது அவ பங்கு. இதை நான் சாப்பிடுதேன்" என்றார். காகத்துக்கு முன்னால், செருப்பில்லாத காலோடு, நடு வெயிலில் நின்று சாப்பிட்டார். ஒரு நொய்யைக்கூடப் பொறுக்கிப் போடவில்லை. அவர் கடிக்கும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. உன் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்து, நாய்க்கு எட்டாமல் இலையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு வருஷத்துக்குப் பிறகு மகளிடம் பேசினார்.

"பயமா இருந்துச்சு கயல். பத்தியமா இருந்தா இன்னும் நாலு நாள் கூட இருப்பான்னு நெனச்சேன். கேட்டப்ப குடுத்திருக்கணும்."

கயல் குனிந்து நாயை அந்தப் பக்கம் தள்ளினாள். நாங்கள் திரும்பியபோது சுவரிலிருந்த வடையைக் காணவில்லை. காகமா அணிலா, யாரும் பார்க்கவில்லை. காகம்தான் என்று உன் நாத்தனார் சத்தியம் செய்தார். சாப்பிட்டோம். கயல் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் சாயங்காலம் டாக்ஸியில் ஏறிப் போய்விட்டாள். அவ்வளவுதான், வீடு உடைந்துவிட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் காலையில் என் வீட்டு அடுப்பு மேடையில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அடிக்கவில்லை. பொறுக்க முடியாமல் நானே அத்தானைக் கூப்பிட்டேன். பிஸி. மறுபடியும் பிஸி. கடைசியில் எடுத்தார்.

"கயல்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன். குழம்புக்கு எத்தனை கரண்டி நொய்யின்னு கேட்டேன். ஒண்ணு போதுமாம்."

பூட்டி வைத்திருந்த பாட்டிலைத் திறந்துவிட்டார் அக்கா.

அடுத்த வருஷமும் இலை போடுவோம். காகத்துக்குச் சோறும் பருப்பும், உன் பங்கு அத்தானுக்கு. உன் நாத்தனார் என்ன கத்தினாலும் அந்த இலையை அவர் கையில் நானே கொடுப்பேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
வேலை போன தபால்காரி,
உன் தங்கை