லெஃப்ட் ஃபீல்டிலிருந்து பதின்மூன்று விநாடி

யூலை 12, சனி

கடும் வெக்கை. ஸ்காபரோ மைதானத்தில் நிழலே இல்லை. மனைவி சுதா குடையுடன். நான் போனில் வீடியோ. தம்பி ரூபன் இந்தப் பேஸ்போல் அணிக்குச் சம்பளத்துக்கு ஆடும் பதினோராவது வருடம். ஒஷாவா அணி கூடுதல் சம்பளத்துக்கு இருமுறை அழைத்தும் போகாதவன். இடம்: லெஃப்ட் ஃபீல்ட், மைதானத்தின் கடைக்கோடி.

மூன்றாம் சுற்று: எதிரணி பிச்சர் எறிந்த பந்து எங்கள் ஆட்டக்காரரின் கன்னத்தில். இரண்டு பல் மண்ணில். ஐந்தாம் சுற்று: பதிலுக்கு எங்கள் பிச்சர் அவர்களில் ஒருவரின் விலாவில். அவர் மட்டையை வீசிவிட்டுப் பாய்ந்தார். இரு அணிகளும் நடுவில்.

இவ்விளையாட்டின் எழுதாத விதி: அடிதடியில் எவரும் வெளியே நிற்கலாகாது. கடைக்கோடியில் நிற்பவர்கள் ஓடி வந்து, யாருடைய சட்டையையாவது பிடித்துக்கொண்டு சும்மா நிற்பதே வழக்கம். ரூபன் அப்படிச் சும்மா நிற்கவில்லை. ஒதுங்கி நின்ற எதிரணிப் பிச்சரின் தாடையில் குத்தினான். விறகு முறிந்தாற்போல் சத்தம். விழுந்தவரின் முகத்தில் ஆணிச் சப்பாத்தால் இரண்டு உதை. மூன்றாவதை நடுவர் தடுத்தார்.

பின் வரிசையில் ஒரு அங்கிள்: "போடு! உவனுக்கு உது காணாது!"

யூலை 13, ஞாயிறு

மழை. நேற்றுக் கைதான ரூபன் நிபந்தனைகளுடன் பிணையில் வெளியே. பிச்சருக்குத் தாடை ஈரிடத்தில் முறிவு. இடக்கண் தேறுமா தெரியாது. நானும் சட்டத்தரணிதான், ஆனால் இதில் சாட்சி, ஆகவே தம்பிக்கு வாதாட இயலாது. வேறு சட்டத்தரணி ஏற்பாடு. அவருடைய வாதம்: கணநேர ஆவேசம்.

வீடியோவைப் பார்த்தது ஆறு தடவை. ஓட்டம் பதின்மூன்று விநாடி. நான்காவது விநாடியில் ரூபன் நிற்கிறான். கையுறையைக் கழற்றுகிறான். புல்லில் வைக்கிறான். எறியவில்லை, வைக்கிறான். பிறகு ஓடுகிறான்.

கணினியில் ஒரு பிரதி சேமித்தேன். சட்ட நிலை: பொலிஸ் கேளாதவரை கொடுக்கும் கடமை இல்லை. கேட்டால் பொய் கூடாது. அழித்தால் குற்றம்.

யூலை 14, திங்கள்

மாலை ரூபன் வந்தான்.

"அண்ணை, வீடியோவை அழியுங்கோ. உது வெளியில வந்தா லீக் என்னை வாழ்க்கை முழுக்க விளையாட விடாது. இந்த டீமை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

"ஏன்டா கிளவ்வைக் கழட்டினனீ?"

"அதோட குத்தினா அவனுக்கு நொந்திருக்காது."

"அழிக்கமாட்டன்."

போனைப் பறித்தான். நான் விடவில்லை. என் வலக்கையை மேசை விளிம்பில் வைத்து மடக்கினான். மணிக்கட்டு முறிந்தது காதில் கேட்டது. சுதா கொதிக்கும் கேத்திலுடன் குசினியிலிருந்து:

"வெளிய போறியா, மூஞ்சியில ஊத்தவா?"

போனைச் சுவரில் அடித்து நொறுக்கிவிட்டுப் போனான். பிரதி இருப்பது அவனுக்குத் தெரியாது.

மருத்துவமனையில் தாதி கேட்டார், எப்படி நடந்தது? படியில் விழுந்தேன் என்றேன். சுதா தரையைப் பார்த்தபடி.

யூலை 15, செவ்வாய்

இடக்கையால் எழுத்து. வெயில். வலி குறையவில்லை.

காலை 10.40, பொலிஸ் அதிகாரி வீட்டுத் தொலைபேசியில். மரியாதையான குரல். சனியன்று வீடியோ எடுத்தீர்களா? எடுத்தேன். இப்போது எங்கே? போன் நொறுங்கிவிட்டது என்றேன். உண்மை. அத்துடன் நிறுத்தியிருக்கலாம், ஒரு சொல்கூடப் பொய்யாகியிராது. அவர் நன்றி சொல்லி முடிக்கப்போனார்.

"கணினியில் ஒரு பிரதி இருக்கிறது" என்றேன்.