புங்கமரத்தடியில் நிற்கும் வண்டி

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தைக்க வேண்டியவை: பட்டு பிளவுஸ் இரண்டு, பள்ளி யூனிஃபார்ம் ஒன்று.

எதிரே புங்கமரத்தடியில் அந்தக் குட்டியானை லோடு வண்டி மறுபடியும். ஓட்டி வந்தவர் இறங்கவில்லை. நம் வீட்டையே பார்த்துக்கொண்டு அரை மணி நேரம். மூன்றாவது தடவை. மருமகள் செல்விக்கு ஏழாம் மாதம். கார்த்திக் பெங்களூரில், மாதக் கடைசியில்தான் வருவான். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

அவளிடம் மூச்சு விடவில்லை. துணிக்கொடியை அவிழ்த்துப் பின்பக்கம் கட்டினேன். ஜன்னலுக்குத் திரை.

"ஏனுங்கத்தை, வீடே இருட்டாக் கெடக்குது?"

கொசு என்றேன். பாவம் கொசு.

ஜூன் 4, புதன்

மாடியில் குடியிருக்கும் வக்கீல் ஷோபாவிடம் கேட்டேன். கன்னடக்காரப் பெண், தமிழ் சுமார். மறக்குமுன்:

- ரோட்டில் நிற்பது மட்டும் குற்றம் இல்லை.
- அனுமதி இல்லாமல் கேட்டுக்குள் வந்தால் குற்றம்.
- குளியலறைக்குள் எட்டிப் பார்த்தால், மிரட்டினால், வேண்டாம் என்ற பிறகும் பின்தொடர்ந்தால் புகார். அவசரத்துக்கு 112.
- தேதி, நேரம், வண்டி எண் குறிக்கணும்.
- நாமே கை வைக்கக் கூடாது. தெரு வாட்ஸ்அப் குரூப்பில் திருடன் என்று போட்டோ போடவே கூடாது.

கடைசியைக் கேட்டு முழித்தேன். அனுப்பத் தயாராக வைத்திருந்தேனே!

"அய்யோ ஆன்ட்டி, மொதல்ல டிலீட் மாடி!"

'மாடி' என்றால் கன்னடத்தில் 'செய்யுங்கள்'. அழித்தாயிற்று.

ஜூன் 6, வெள்ளி

அப்பாடா, வெயில். வண்டி வந்தது 10.20. போனது 11.05. எண் குறித்தேன், கே.ஏ. 10-இல் தொடங்கும் கர்நாடக எண். மனிதருக்கு என் வயது இருக்கும். திரை மூடிய ஜன்னலில் அப்படி என்ன தெரியும்?

மாலையில் ஊசி தேடி வந்த செல்வி இந்த நோட்டைப் பார்த்துவிட்டாள். வண்டி எண்ணில் விரலை வைத்தாள்.

"அத்தை, இது எங்கப்பா வண்டிங்க."

கல்யாணத்துக்கு வராதவர். நான் முகம்கூடப் பார்த்ததில்லை. ராமாபுரத்தில் தக்காளி விவசாயம். வேறு சாதி என்று, "செத்தாலும் அவிங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்" எனச் சத்தியம் செய்தவர். செய்தியில் படித்ததெல்லாம் கண்முன் ஓடியது. மாடிக்கு ஓடினேன்.

அப்பா என்பதற்காகச் சட்டத்தில் சலுகை கிடையாதாம். பயமிருந்தால் போலீஸ் பாதுகாப்புக் கேட்கலாம். ஆனால் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது செல்வியின் முடிவு, உங்களுடையது அல்ல ஆன்ட்டி என்றாள் ஷோபா. சுருக்கென்றது. இத்தனை நாள் செல்வியிடமே மறைத்திருக்கிறேன்.

செல்வி: "பயமில்லீங்க. அப்பாவப் பாக்கோணும்."

ஜூன் 10, செவ்வாய்

9.50. வண்டி.

மாடியில் ஷோபா, கையில் போனோடு. கேட்டில் நான். செல்வி தனியாகத் தெருவைத் தாண்டினாள். அவர் இறங்கினார்.

"ஏங்கண்ணு, கொடியில உன் துணியே காணோம். சன்னலும் சாத்திக் கெடக்குது. ஒடம்புக்கு என்னமோன்னு…"

இவ்வளவுதான் விஷயம். குற்றவாளி நான்.

"உள்ளே வாங்க சம்பந்தி" என்றேன். கேட் வரை வந்து நின்றுவிட்டார். "சொன்ன சொல்லு ஒண்ணு கெடக்குதுங்களே."

வண்டியில் பெரிய தூக்குப் போசி, பாத்திரம் நிறையச் சோறு. ஏழாம் மாதம் பிறந்த வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுவந்து பெண்ணுக்கு ஊட்டுவது அவர்கள் வழக்கமாம். ஐந்து வகைச் சோறு, அவள் அம்மா விடியுமுன் எழுந்து கட்டியது. போன வெள்ளியும் கொண்டுவந்து, அப்படியே திருப்பி எடுத்துப் போயிருக்கிறார் மனிதர்.

செல்வி பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிப் போய் மரத்தடியில் போட்டு உட்கார்ந்தாள். "ஊட்டுங்கப்பா."

பாட்டில் தண்ணீரில் கை கழுவினார். முதல் வாய் புளிச்சோறு. பாதி சிந்தியது. அழுதுகொண்டே மென்றாள். தெருவே ஜன்னலில் நின்று பார்த்தது. பார்க்கட்டும்.

கார்த்திக்குக்குப் போன் செய்தேன். அழுகைதான் வந்தது. என்னமோ ஏதோ என்று பஸ் ஏறிவிட்டான்.