நான் அழித்த பேக்கேஜ்கள்

மாப்ள,

இன்று காலை லேபில் ஒரு கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துவிட்டது. நெட்டிலிருந்து இறக்கிய மென்பொருள் பேக்கேஜ் கோப்புகள் கேஷ் என்கிற தற்காலிகச் சேமிப்பில் அப்படியே குவிந்து கிடந்தன. apt-get clean என்று ஒரு வரி அடித்தால் எல்லாம் அழிந்துவிடும். அடிக்க மனம் வரவில்லை. "என்ன சார் யோசிக்கிறீங்க?" என்றார் பக்கத்திலிருந்த மேடம். உன்னைத்தான் என்று எப்படிச் சொல்வது?

மாட்டுத்தாவணிப் பக்கம் பிரவுசிங் சென்டரில் நாம் இருவரும் வேலை பார்த்த நாட்களில், லினக்ஸோடு நான் மல்லுக்கட்டுவேன். நீ உன் அம்மாவோடு போனில் சௌராஷ்டிராவில் பேசிக்கொண்டே ஒற்றைக் கையால் முடித்துவிடுவாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை apt-cache என்ற கட்டளையில் தேடி, ஒரு பேக்கேஜின் பெயர் வந்ததும் "இருக்குடா!" என்று குதித்தேன். நீ சிரித்தாய்.

"அது போன தடவ நெட்டுல இருந்து எடுத்து வச்ச லிஸ்ட்டு மாப்ள. பேரு மட்டுந்தான் இருக்கும். மெஷின்ல ஏறியிருக்கான்னு dpkg-கிட்ட கேளு."

கஸ்டமர்கள் முன்னால் சொன்னாய். அன்று முழுக்க நான் உன்னோடு பேசவில்லை. அதைக்கூட நீ கவனிக்கவில்லை.

பிறகு பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் பொறுப்பாளர் வேலை வந்தது. இடம் ஒன்று, விண்ணப்பித்தது நாம் இருவர். அங்கே நெட் கிடையாது. நீ நாலு நாள் மோடத்தைக் கதறவிட்டு, வேண்டியதையெல்லாம் சென்டர் கம்ப்யூட்டரின் கேஷில் இறக்கி வைத்தாய். அதைத் தூக்கிக்கொண்டு போய், பிரின்சிபால் முன்னால் நெட் இல்லாமலே நிறுவிக் காட்டுவதாகத் திட்டம். கிளம்புமுன், "டீ குடிச்சிட்டு வாரேன், பாத்துக்க" என்று போனாய்.

அந்த ஒரு வரியை அடித்தேன்.

ஷேர் ஆட்டோவில் சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். பிரின்சிபால் முன்னால் தேடினாய். பெயர்கள் வரிசையாக வந்தன. நிறுவச் சொன்னால், இல்லாத நெட்டைத் தேடிவிட்டு நின்றது. கேஷைத் திறந்தாய். காலி. பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் நாம் இருவர்தான். என்னை ஒருமுறை பார்த்தாய்.

"நாந்தான் சார், தெரியாம அழிச்சிட்டேன்" என்றாய் அவரிடம்.

வேலை எனக்குக் கிடைத்தது. அதன் பிறகும் நீ என்னை மாப்ள என்றுதான் கூப்பிட்டாய், கடைசி வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உன் காரியம் முடிந்த அன்று உன் மனைவி சொன்னார்: "உங்களப் பத்தித்தாண்ணே அடிக்கடி பேசுவாரு. 'அவன் வீட்டுல அப்ப அம்புட்டுக் கஷ்டம், அந்த வேல அவனுக்குக் கெடச்சதுதான் நல்லது'ம்பாரு."

நான் அழுதேன். சிநேகிதன் போன துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பொறாமையும்தான் மாப்ள. லினக்ஸை நானும் ஒருவழியாகக் கற்றுக்கொண்டேன். இந்த மனசில் உன்னை எட்டவே முடியவில்லையே. நீ செய்யாத தப்பை எவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாய். நான் செய்த தப்பைச் சொல்ல காரியத்தன்று வாய்ப்பும் இருந்தது, உன் மனைவியும் எதிரிலேயே இருந்தார்.

"ஆமாம்மா, ரொம்ப நல்லவன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.