அழைக்கும் விமானத்துக்குப் பதில் கோரி

அனுப்புநர்:
தே. பால்துரை,
ஆரம்பப் பள்ளி ஆசிரியர்,
மல்லாங்கிணறு, ராமநாதபுரம் ஜில்லா.

பெறுநர்:
உயர்திரு மேலதிகாரி அவர்கள்,
விமானத் தகவல் தொடர்புப் பிரிவு,
சென்னை.

பொருள்: மாலை விமானத்தின் வயர்லெஸ் அழைப்புக்கு நிலையத்தார் பதில் தராமை, சங்கிலிமுத்து என்பவரை விடுவிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகன் ராஜசிங் மாலை விமானத்தில் வயர்லெஸ் வேலை பார்ப்பவன். எங்களுக்கு வடக்கேயுள்ள சிறு நிலையத்தில் அது இறங்கும். லைசென்சு கட்டி வைத்திருந்த என் ரேடியோவில் சிற்றலையில் முள்ளைத் திருப்பியபோது ஒருநாள் அவன் குரல் அகப்பட்டது. அன்றுமுதல் தினமும் கேட்டோம். என் மனைவி பாக்கியவதிக்கு ஆங்கிலம் தெரியாது, குரல் தெரியும்.

2. பகலில் ஓர் அலைவரிசையிலும், பொழுது அடைந்தபின் வேறொன்றிலும் பேச வேண்டுமென்பது விதியாம். விமானம் தாமதமாகி இருட்டோடு வரும் நாட்களில் என் மகன் மாற்றிக்கொள்கிறான். நிலையத்தார் மாற்றுவதில்லை. அவன் ஒன்றில் கூப்பிட, அவர்கள் மற்றொன்றில் காத்திருக்கிறார்கள். இதை அவன் எழுதிக் கொடுத்ததற்கு, கருவி நல்ல நிலையில் உள்ளதென்று பதில் வந்தது. கருவியை யார் ஐயா குறை சொன்னார்கள்?

3. சென்ற மாதம் 18ஆம் தேதி, சனிக்கிழமை, பொழுது அடையும் நேரம் மேகம் கவிந்து கிடந்தது. விமானம் எங்கள் தலைக்கு மேலேயே சுற்றியது. ரேடியோவில் ராஜசிங் நிலையத்தின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழைத்தான். பதில் இல்லை. ரேடியோ வாங்குமே தவிர அனுப்பாது என்று எத்தனையோ முறை சொல்லியிருந்தும், பாக்கியவதி பெட்டியின்மேல் வாயை வைத்து, "ஏலே ராசா, இங்கனதாம்லே இருக்கோம்" என்றாள். நான் தடுக்கவில்லை.

4. பக்கத்து வீட்டுச் சங்கிலிமுத்து சிவகாசியில் வாணக் கம்பெனித் தொழிலாளி; வாரக் கடைசியில் வீடு வருபவர். வயர்லெஸ் பழுதானால் நிலையத்தார் பச்சை வெளிச்சம் விட்டு இறங்கச் சொல்வார்கள் என்று ராஜசிங் லீவில் வந்தபோது சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. "வாத்தியாரய்யா, புள்ள கூப்ட்டுக்கிட்டே இருக்கானே. ஆளு இருக்குன்னு காட்டிருவோம்" என்று சொல்லி, தீபாவளிக்குக் கொண்டுவந்திருந்த பச்சை வாணத்தைக் கண்மாய்க் கரையில் நின்று விட்டுவிட்டார்.

விமானம் அதை நிலையமென்று நம்பித் தாழ்ந்தது. கரைப் பனைகளின் மட்டைகள் ஆடின. கீழே தண்ணீர் கிடப்பதை விமானி எப்படிக் கண்டாரோ, கர்த்தரின் கிருபையால் மேலே தூக்கிக்கொண்டார். வந்த வழியே திரும்பி வேறு ஊரில் இறங்கினார்கள். விமானம் தாழ்ந்தபோது ரேடியோவில் என் மகன் போட்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

5. விசாரணையில் குற்றம் முழுவதும் வாணத்தின்மேல் விழுந்தது. சங்கிலிமுத்து காவலில் இருக்கிறார். என் ரேடியோவையும் எடுத்துப் போனார்கள். அலைவரிசையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாணம் விட்டது பெரும் பிழைதான், மறுக்கவில்லை. பதில் கிடைத்திருந்தால் அந்த மனிதர் அதை ஏன் தொடப்போகிறார்? எங்கள் ஊரில் தெருவில் போகிறவன் கூப்பிட்டால்கூட 'என்ன' என்றாவது கேட்பார்கள்.

6. விமானம் இன்றும் வருகிறது. ராஜசிங்கும் அதில்தான் இருக்கிறான். முன்பு பதில் இல்லை என்பதாவது தெரிந்தது. இப்போது அதுவும் தெரியவில்லை. சத்தம் வடக்கே போய் அடங்கும்வரை பாக்கியவதி வாசலில் அண்ணாந்து நிற்கிறாள். சங்கிலிமுத்துவின் மனைவி சுப்புத்தாயும் வந்து துணைக்கு நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

7. ஆகவே சங்கிலிமுத்துவை விடுவிக்கத் தாங்கள் ஒரு வார்த்தை எழுத வேண்டும். தகப்பன் மனுப் போட்டான் என்று மகன் வேலைக்குக் கேடு வரக்கூடாது. பொழுது அடைந்ததும் நிலையத்தில் அலைவரிசையை மாற்ற உத்தரவிட வேண்டும். ரேடியோவை நான் திருப்பிக் கேட்கவில்லை. அவன் கூப்பிடும்போது 'கேட்கிறது' என்று ஒருவர் சொல்லட்டும். அது எங்கள் காதில் விழ வேண்டியதில்லை ஐயா, அவன் காதில் விழுந்தால் போதும்.

இடம்: மல்லாங்கிணறு
நாள்: 3-11-1958

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தே. பால்துரை